பதினோரு தெருவைத் தோண்ட வைத்த ஈறு

கீழே வருவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயிலிருக்கும் இருபத்தெட்டுப் பற்களும் இந்தத் தாளின் மேலேயே உதிரட்டும். இப்படிச் சொல்லிவிட்டு ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கையும் மேசைமேல்தான் இருக்கின்றன.

நாற்பது வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தில் நான் ருசி பார்ப்பவன். நாக்கு என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு தொட்டிகளிலிருந்தும் தண்ணீர் வரும். வெள்ளை ஓடு பதித்த அறை, நீள மேசை, அடியில் எண் எழுதிய பன்னிரண்டு கண்ணாடித் தம்ளர்கள், துப்புவதற்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, சுழற்றி, துப்பி, நோட்டில் ஒரே ஒரு சொல் எழுதுவேன். ‘நன்று’ என்று எழுதினால் ஊரே குழாயைத் திறக்கும். வேறு எதையாவது எழுதினால் ஊரே என் முகத்தைப் பார்க்கும்.

ஒருமுறை நாலாம் தம்ளருக்கு நேராகக் ‘காக்கை’ என்று எழுதினேன். தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். காக்கை இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வந்து குளித்துவிட்டுப் போய்விட்டதாகப் பம்ப் ஓட்டுபவர் ஒப்புக்கொண்டார். இன்னொரு முறை, தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் எலுமிச்சை சோப்பில் கை கழுவியதையும் இடது கையைச் சரியாக அலசாததையும் சொன்னேன். அவர் மறுநாளே வேறு இலாகாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தலைமைப் பொறியாளர் தங்கமான மனிதர். கல்யாண மோதிரத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் தலை நிமிராமல் சாப்பிட்டு வந்ததைத் தவிர அவருக்கு வேறு குறை கிடையாது. ஆனால் மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு இயந்திரம் அனுப்பியிருந்தார்கள். தண்ணீரை ஊற்றினால் அதுவே ருசி பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுத்துவிடுமாம். என்மேல் இருந்த மரியாதையால் பொறியாளர் அதைப் பிரிக்கவில்லை. மரப்பெட்டி என் அறை மூலையில் ஆணி அடித்தபடியே கிடந்தது. நான் ஒரே ஒரு தடவை தவறினால் போதும், ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. நாக்கை வைத்து வேறு பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

ஆகவே நாக்கைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். பற்பசையின் புதினா வாசனை நாக்கில் நாலு மணி நேரம் குடியிருக்கும் என்பதால் காலையில் பல் தேய்க்க மாட்டேன். மத்தியானம் மறந்துவிடும். இரவில் கண் சொருகிவிடும். ஞாயிறு விடுமுறை, அன்று தேய்ப்பேன். தேய்த்தால் ஈறில் ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று அடுத்த ஞாயிறு தேய்க்க மாட்டேன். தொழில் பக்தி இப்படிப் பதினோரு வருடம் நடந்தது.

மனைவிதான் முதலில் ஆரம்பித்தாள்.

“என்னங்க, பேசும்போது கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசுங்களேன்.”

திரும்பிப் பேசினேன். ஜன்னலோரம் இருந்த தொட்டிச் செடி மூன்றே நாளில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது.

“பல்லெல்லாம் நீளமாயிட்டே போகுது உங்களுக்கு.”

“வளருது. இந்த வயசுல எல்லாருக்குமா வளரும்?” என்றேன், பெருமையாக.

ஈறு கீழே இறங்கினால் பல் நீளமாகத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை முதல் தம்ளரை வாயில் வைத்தேன். இரும்பு. இரண்டாவது, இரும்பு. பன்னிரண்டும் இரும்பு. துப்பிய தொட்டியைப் பார்த்தால் செம்பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. துருவேதான்!

பொறியாளர் ஓடி வந்தார். “லேப்ல இரும்பே இல்லேங்கறாங்களே?”

“லேபுக்கு நாக்கு இருக்கா சார்?”

தொட்டியிலிருந்த கோட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். மூலையிலிருந்த பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழாய் தோண்ட உத்தரவு போட்டார்.

தோண்டும் ஆட்களுக்குத் தலைவன் என் மனைவியின் தம்பி. முதல் தெருவைப் பிளந்துவிட்டு வந்து நின்றான்.

“மச்சான், குழாய் பளபளன்னு இருக்கு. முகம் பாத்துத் தலை சீவிக்கலாம்.”

“அப்போ துரு அடுத்த தெருவுல இருக்கு மாப்ளே.”

அடுத்த தெருவிலும் இல்லை. நாற்பத்துமூன்று நாளில் பதினோரு தெரு. ஜனங்கள் ஒரு வீட்டிலிருந்து எதிர் வீட்டுக்குப் போக ஏணியைக் கிடத்திப் போனார்கள். பால்காரர் பாலைக் கயிற்றில் கட்டி அனுப்பினார். பதினோராவது தெருவில் பல் மருத்துவர் அம்மாவின் கிளினிக் இருந்தது. பல் பிடுங்க வந்த ஒருவர் வாசல் பள்ளத்தைத் தாண்டிக் குதித்தார். குதித்த வேகத்தில் பல் தானே விழுந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அதற்கு மேல் அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முழங்கால் வரைக்கும் சேற்றோடு என் அறைக்குள் நுழைந்தார்.

“எந்த மகராசன் என் வாசல்ல குழி வெட்டச் சொன்னது?”

மைத்துனன் சட்டென்று என்னைக் காட்டினான். “நான் வெறும் மண்வெட்டிங்க. வாய் அவரோடது.”

பொறியாளரும் அங்கே இருந்தார். நான் கலங்கவில்லை. “அம்மா, ஊர்த் தண்ணியில துரு. நீங்களே பாருங்க” என்று ஒரு வாய் எடுத்துச் சுழற்றித் தொட்டியில் துப்பினேன். செந்நிறக் கோடு வழக்கம்போல ஓடியது.

அந்த அம்மா கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதே தம்ளரிலிருந்த மிச்சத் தண்ணீரை வேறொரு தம்ளரில் ஊற்றி மைத்துனனிடம் நீட்டினார்.

“நீங்க கொப்பளிச்சுத் துப்புங்க.”

துப்பினான். கண்ணாடி மாதிரி போனது.

“இது துரு இல்ல சார், ரத்தம். வாயத் தொறங்க.”

“நான் தண்ணி பாக்கறவன்மா, என் வாய...”

“தொறங்கன்னு சொன்னேன்.”

பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்தார். மைத்துனன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “உள்ள என்னங்க தெரியுது?”

“நீங்க இன்னும் தோண்டாத ஒரு இடம் தெரியுது.”

பொறியாளர் பெருமூச்சு விட்டார். “அப்போ பெட்டியப் பிரிச்சிட வேண்டியதுதான்.”

நான் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். அந்த அம்மாதான் குறுக்கே வந்தார். “நாக்குல ஒரு பழுதும் இல்ல சார். ஈறுதான் கெட்டிருக்கு. மூணு மாசம் குடுங்க. பல்லையும் காப்பாத்தித் தரேன், உங்க நாக்கையும் திருப்பித் தரேன். ஆனா முதல்ல என் வாசல் குழிய மூடணும்.”

“மூணு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கூட இல்ல” என்றார் பொறியாளர். ஆணி பிடுங்கும் கருவியைக் கொண்டுவந்து பெட்டியின் மேலேயே வைத்துவிட்டும் போனார்.

கிளினிக்கில் அந்த அம்மா மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். அதில் கோடு கோடாக அளவு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்: “ஆறு... ஏழு... ஆறு... மூணுக்குள்ள இருக்கணும் சார், தெரியுமா?”

துணைக்கு வந்த மைத்துனன், “குழாய்க்குக்கூட நாங்க இவ்ளோ அளவு எடுத்ததில்லீங்க” என்றான்.

“ராத்திரி எத்தன தடவ எழுந்து போறீங்க?”

“நாலஞ்சு தடவ. தண்ணி இலாகாவாச்சேம்மா.”

“தாகம் அதிகமா இருக்கா?”

“அதானேம்மா உத்தியோகமே.”

அவர் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சர்க்கரை எகிறிக் கிடந்தது. எனக்கோ ஒன்றும் புரியவில்லை. “பல்லுக்கு வந்தா சர்க்கரைன்னு சொல்றீங்களே?”

“வாய் என்ன உடம்புக்கு வெளியிலயா இருக்கு? சர்க்கரை ஏறிக் கிடந்தா ஈறுப்புண்ணு ஆறாது. ஈறு வீங்கிக் கிடந்தா சர்க்கரை லேசுல அடங்காது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்து நிக்குது. ரெண்டையும் சேத்துத்தான் சாய்க்கணும். பெரிய டாக்டர்கிட்டப் போய் மாத்திரைய ஆரம்பிங்க, ஈற நான் பாத்துக்கறேன்.”

நாலு நாள், வாயில் ஒவ்வொரு கால்பாகமாக மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரைக்கும் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். கல் மாதிரி தட்டில் விழுந்தது. மொத்தம் மூன்று சட்டி. மைத்துனன் வாசல் பள்ளத்தை மூடியது அதை வைத்துத்தான். இன்றைக்கும் அதன்மேல் லாரி போகிறது. மற்ற பத்துத் தெருவிலும் தார் பெயர்ந்துவிட்டது.

“காலைல பேஸ்ட் ஆகாதுன்னா வேணாம். பிரஷ்ஷத் தண்ணில நனைச்சாவது தேய்ங்க. ராத்திரி பேஸ்ட் போட்டு. பல்லிடுக்குக்கு இந்தச் சின்ன பிரஷ். ரத்தம் வருதேன்னு நிறுத்தாதீங்க. ரத்தம் வர்ற இடம்தான் ‘என்னைக் கவனி’ன்னு கூப்பிடுது.”

வேலை போகக்கூடாதே என்ற பயத்தில் ஒரு வேளையும் விடவில்லை. முதல் வாரம் தொட்டி சிவந்தது. இரண்டாம் வாரம் வெளிறியது. பதினேழாம் நாள் துப்பினேன்; தொட்டி பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஆடிக்கொண்டிருந்த இரண்டு பல் கெட்டியாகின. இரவு எழுந்திருப்பது நின்றது. மூன்றாம் மாதம் சர்க்கரையைப் பார்த்த பெரிய டாக்டர், இது என்னுடைய ரத்தம்தானா என்று இரண்டு தடவை கேட்டார். ஜன்னலோரச் செடி துளிர்த்தது. மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, இனிமே இந்தப் பக்கம் திரும்பியே பேசுங்க.”

அன்று நான் பேசிய பேச்சு இந்தக் கதைக்குத் தேவையில்லை.

தொண்ணூறாம் நாள் போட்டி. பெட்டியைப் பிரித்து இயந்திரத்தை மேசையின் ஒரு முனையில் வைத்தார்கள். மறு முனையில் நான். குடிநீர் நிலையமே சுவரோரம் நின்றது. பல் மருத்துவர் அம்மா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இயந்திரம் பன்னிரண்டையும் உறிஞ்சி, பன்னிரண்டு சீட்டு துப்பியது. எல்லாவற்றிலும் ‘நன்று’.

நான் எட்டு தம்ளருக்கு ‘நன்று’ எழுதினேன். ஒன்பதாவதை வாயில் வைத்தவன் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் ஒரு வாய் எடுத்தேன்.

“என்ன மச்சான், இரும்பா?” மைத்துனன் மண்வெட்டியைத் தேடினான்.

“இல்ல மாப்ளே. தங்கம்.”

தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

“இருபத்திரண்டு காரட். வளையமா இருக்கு. உள்பக்கம் ரெண்டு எழுத்து வெட்டியிருக்கு, முதல் எழுத்து கொஞ்சம் தேஞ்சிருக்கு. கிழக்கு மேல்தொட்டி, ஏணிக்கு இடது பக்கம், அடியில.”

பொறியாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மைத்துனன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். அரை மணி நேரத்தில் சொட்டச் சொட்ட வந்தான். சுண்டு விரலில் மோதிரம் மின்னியது.

“ஒரு வருஷமாத் தண்ணியில கிடந்திருக்கே, நீ ஏன்யா சொல்லல?” பொறியாளர் மோதிரத்தை வாங்கிச் சட்டையில் துடைத்தார்.

“அப்பவே கசிய ஆரம்பிச்ச என் இரும்பு மறைச்சிடுச்சு சார்.”

கைதட்டலில் இயந்திரம் தானாகவே அணைந்துவிட்டது. அதன்பிறகு அதன்மேல் தம்ளர்களைக் கவிழ்த்துவைத்தோம், அதற்கு நன்றாகவே உபயோகப்பட்டது. பொறியாளர் அன்று வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட்டார். நிலைய விதிப்புத்தகத்தில் ஒரு வரி ஏறியது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊழியர் அனைவரும் ஈறு காட்ட வேண்டும். அந்த அம்மா வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தபோது ஒன்பது பேருக்கு ஈறு என்னுடையதைப் போலவே இருந்தது; ஒன்பது பேரும் தப்பித்தார்கள். பம்ப் ஓட்டுபவரின் மூச்சுக்குப் பயந்து வருவதை நிறுத்தியிருந்த காக்கை மறுபடி குளிக்க வந்தது.

நான் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியை யாரும் தொடவில்லை. இருபத்தெட்டுப் பல்லும் நின்றன. இப்போதும் காலையில் நனைத்த பிரஷ், இரவில் பேஸ்ட்.

எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது போன வருடம்தான்.