பன்னிரண்டா, பதினெட்டா

...ரத்தம் இல்லை, கத்தி இல்லை, பேய்கூட இல்லை, கெட்ட வார்த்தை ஒன்றாவது உண்டா என்றால் அதுவும் இல்லை, பிறகு எந்த முகத்தோடு பதினெட்டு என்று போடுவது என்று ஆசிரியை மூன்றாவது முறையாகப் பேனாவை மூடினாள். ஐந்து மணிக்குக் கல்லூரி அரங்கில் மாணவர்களின் திகில் படங்கள், எதை எந்த வயதுக்கு மேல் பார்க்கலாம் என்று அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும், மற்ற ஆறும் மளமளவென்று முடிந்துவிட்டன, குடம் குடமாக ரத்தம் ஊற்றியிருந்தவனுக்குப் பதினாறு கொடுக்கும்போது சிரிப்புத்தான் வந்தது, சாயம் அப்படியே பல்லை இளித்தது... இதுதான் நகர மாட்டேன் என்கிறது. பதினொரு நிமிடம்தான், அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குழந்தை, வெளியே அம்மாவின் குரல், வெளிய வா கண்ணு, அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன், எவ்வளவு இனிப்பாக... இந்த வார்த்தையைப் படம் எடுத்த இந்தப் பெண் எங்கே பிடித்தாள்? கட்டிலுக்கடியில் குனிந்து ஆசிரியையும் சொல்லியிருக்கிறாள், இதே குரலில், தன் மகளுக்கு அப்போது ஆறு வயது, உடைந்தது ஒரு கண்ணாடிக் குவளை, குழந்தை நம்பித் தவழ்ந்து வெளியே வந்தது, வந்ததும் பளாரென்று... ஒரே ஒரு தடவைதானே? ஒன்றுதானா? கூப்பிட்டால் வராத பிள்ளை என்று பிறகு பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தோமே, இன்று விடுதியில் இருந்துகொண்டு போனை எடுக்காதவளைக் கேட்டால் கணக்குத் தெரியுமோ என்னவோ...

படத்தை எடுத்த மாணவி மதியமே வந்து நின்றாள், மூன்று வருடத்தில் வகுப்பில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். “பன்னெண்டு போடுங்க மேடம். பதினெட்டுன்னா தம்பிய உள்ள விட மாட்டாங்க, அவனுக்குப் பதிமூணுதான்.” பயந்துட மாட்டானா என்று கேட்டதற்கு, “அந்தக் குரல் அவனுக்குப் பழக்கம்தான் மேடம்” என்றாள், சாப்பிட்டாச்சு என்பதுபோல. அப்போதே நிறுத்தி, என்னம்மா நடக்குது வீட்டுல என்று கேட்டிருக்கலாம், கேட்க வாய் வந்ததா, சரி பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாள், பார்க்கலாமாம்...

பன்னிரண்டை வட்டமிட்டாள். கையெழுத்துப் போட்டாள். கை பழக்கத்தில் ‘பெற்றோர் துணையுடன்’ என்ற கட்டத்திலும் குறியிட்ட பிறகுதான் உறைத்தது. தாளை வாங்க வந்த மாணவியிடம், “தம்பி யாரோட வர்றான்?” என்றாள்.

“அம்மா கூட்டிட்டு வர்றாங்க மேடம். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கறேன்.”

தாளைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம், கொடுத்துவிட்டாள், காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது. ‘படத்தை முழுவதும் பார்த்தேன்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழேதானே கையெழுத்துப் போட்டோம் என்று அப்போதுதான் நினைத்தாள், திரையைப் பார்த்தாள், போட்டுப் பார்த்த மூன்று தடவையும் ஓட்டம் பத்தாவது நிமிடத்தில் நின்றிருந்தது, அலமாரிக் கதவு லேசாகத் திறக்கிற இடம், நிறுத்தியது அவள் விரல்தான், போதும் புரிந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு... குழந்தை வெளியே வந்த பிறகு அந்த அம்மா என்ன செய்தாள்? மணி நாலே முக்கால். விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தத்தான் வரவில்லை.