டைனமோவை மாற்றிய வாரம்

லூர்துமேரி திண்டிவனத்தில் நர்ஸ். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஊரைவிட்டுப் போன டாக்டர் ஒருவரிடம் பழைய மோரிஸ் மைனரை வாங்கி, தானே ஓட்டப் பழகி, கிராமம் கிராமமாகப் பிரசவம் பார்க்கப் போய்வந்தாள். எண்பத்தைந்தாம் வருஷ மழையில் அந்தக் கார் படுத்த ஆரம்பித்தது. வைப்பரைப் போட்டால் விளக்கு மங்கிவிடும். அனந்தபுரம் போகும் வழியில், எதிரே வந்த மாட்டுவண்டி கடைசி நொடியில்தான் தெரிந்து, காரைச் சேற்றில் இறக்கிவிட்டாள்.

விழுப்புரத்தில் கார் எலக்ட்ரீஷியன் கோதண்டபாணி பானெட்டைத் தூக்கி ஒயரை மடக்கிப் பார்த்தார். மேலே சுற்றியிருந்த துணி பொடியாக உதிர்ந்தது.

"மெதுவா போனா டைனமோ பேட்டரிக்கு சார்ஜே ஏத்தாது சிஸ்டர். அத்தக் கழட்டிட்டு புது மாதிரி ஆல்டர்னேட்டர் போட்டுடலாம். ஒயரும் மொத்தமா புதுசா இழுத்துடறேன்."

"செய்யுங்க."

"ஒண்ணு இருக்குது. பேட்டரி ப்ளஸ் மைனஸ் கனெக்சன மாத்திப் போடணும். மாத்தினா கார்ல இருக்கற இந்தப் பழைய ரேடியோ பொகைஞ்சிடும். கழட்டித்தான் ஆவணும். வேற வேணும்னா மெட்ராஸ்லேர்ந்து வரணும், நாளாவும்."

வீட்டில் லூர்துமேரியோடு பேச யாருமில்லை. காரில் அந்த ரேடியோ பேசிக்கொண்டு வரும். அறிவிப்பாளர் நேரம் சொன்னால் "சரி" என்பாள். வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வாள். இதை எப்படி இந்த மனுஷனிடம் சொல்வது?

"கழட்டிடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் போய்க் காரை எடுத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. விளக்கு வெள்ளையாகப் பாய்ந்தது. புளியமரங்களில் சுண்ணாம்பால் எழுதிய எண்கள்கூடத் தெரிந்தன. இத்தனை தெளிவாக அந்த ரோட்டை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் எஞ்சின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

விக்கிரவாண்டி தாண்டி, மூட்டையோடு ஒருத்தி கைகாட்டினாள்.

"யம்மா, பஸ்ஸ உட்டுட்டேன். திண்டிவனம் போவுதா?"

"ஏறுங்க. பேரு என்ன?"

"அம்சாங்க. மவளப் பாக்கப் போய்க்கினு இருக்கறேன்."

"மகளுக்கு எத்தனை பசங்க?"

லூர்துமேரி திரும்பிப் பார்த்தாள். அம்சா வாய் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். நாளெல்லாம் களை பறித்த கைகள் மடியில் மண்ணோடு கிடந்தன. கேட்க இன்னும் எவ்வளவோ இருந்தது. லூர்துமேரி வண்டியை மெதுவாக்கினாள். பள்ளம் வந்தால் ஒதுக்கி ஓட்டினாள். எழுப்ப மனசு வரவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தில் அம்சா தானாகவே விழித்தாள்.

"வந்துட்டுதா? நல்லா இரும்மா" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

பின்னால் நின்ற பஸ்காரன் மூன்று முறை ஹாரன் அடித்த பிறகுதான், அவள் போன பக்கமே பார்த்திருந்த லூர்துமேரி கியர் போட்டாள்.