லோஜிமா ஆன்ட்டியின் பூ, மூன்றாம் நாள்

1.

இந்தக் கதை ஒரு சின்னக் கட்டத்திலிருந்து முளைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இணையதள நாட்காட்டியில் ஒரு நிகழ்ச்சியை ஏற்றும்போது அடியில் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் போடலாம், போடாமலும் விடலாம். இதையெல்லாமா கதையாக்குவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நான்கு நாளாக என் கை நிற்கவில்லை, அவ்வளவு உற்சாகம்.

முதல் தொடக்கம்: ரனாவ் மலைச்சரிவில் வெண்பனி மெல்ல மெல்ல

(அடித்துவிட்டேன். பனியை யார் கேட்டார்கள்?)

இரண்டாவது: வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு லோஜிமாவின் தோட்டத்தில், உலகத்திலேயே பெரிய பூவான ரஃப்ளேசியா விரிந்தது. ஒன்பது மாதம் முட்டைக்கோஸ் மாதிரி உட்கார்ந்திருந்த மொட்டு, விரிந்ததும் லாரிச் சக்கரம் அளவு. ஐந்தாறு நாளில் கறுத்து அழுகிவிடும்.

இது இருக்கட்டும்.

2.

லோஜிமா சந்தையில் இஞ்சியும் அன்னாசியும் விற்பவர். ஜெலினா எங்கள் ரனாவ் ஊர்ப் பூக்காவலர் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் இணையதளமும் அவள் பொறுப்புதான். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பூவைப் பார்க்க ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர், அதற்கு மேல் ஒரு கால் வரக் கூடாது. பூவின் பக்கத்திலேயே, அதே கொடியில், இன்னும் இரண்டு மொட்டுகள். தவறி மிதித்தால் போச்சு. பேச்சு மாறினால் வேலியை அடைத்துவிட்டு அந்தச் சரிவிலும் இஞ்சி போட்டுவிடுவேன் என்று லோஜிமா சொல்லியிருந்தார். சும்மா மிரட்டுகிற ஆளில்லை.

முதல் பிரதியில் ஜெலினாவை மறதிக்காரியாக எழுதினேன். கட்டத்தில் டிக் போட மறந்தாள், கூட்டம் வந்தது, கதை முடிந்தது. எனக்கு வேலை மிச்சம். ஆனால் அது அபாண்டம். அவள் டிக் போட்டாள். தளத்திலிருந்து வெளியேறி, கணவனின் போனில் ஒரு முறை திறந்தும் பார்த்தாள். நேரம், பாதை, வரைபடம் எல்லாம் பூட்டியிருந்தன. சமையலறையில் கரண்டியோடு ஒரு ஆட்டமே போட்டாளாம்.

3.

அவள் பார்க்காமல் விட்டது மாதப் பக்கத்தை. பூட்டு உள்ளே இருக்கும் விவரத்துக்குத்தான். தலைப்பு அந்தந்தத் தேதியில் ஊருக்கே தெரியும்படி உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமைக்கு: 'லோஜிமா ஆன்ட்டியின் பூ, மூன்றாம் நாள்'.

தலைப்பில் இடத்தின் பெயரை எழுதுவதில்லை என்பது சங்கத்தின் வழக்கம். ரகசியமாம். அதனால் ஒவ்வொரு பூவுக்கும் நிலத்துக்காரரின் பெயரை வைத்துவிடுவார்கள். வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாதுதான். ரனாவில் லோஜிமாவின் வீடு தெரியாதவர் யார்?*

*அவருக்குப் பெயர் மட்டும் எழுதிய கடிதமே வந்து சேர்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தோட்டத்து வாசலில் பதினான்கு கார்கள்.

4.

[இந்தப் பகுதியை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.]

முதல் கார் என்னுடையது. பதினாறு வருடமாக இந்த ஊரில் வாத்தியார் வேலை. சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டதால் மார்ச்சிலிருந்து நான் உறுப்பினர் இல்லை. தலைப்பைப் பார்த்தேன், கேமராவை எடுத்தேன், கிளம்பிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

லோஜிமா பாதைக்குக் குறுக்கே மூங்கிலைப் பிடித்து நின்றார். ஜெலினா பைக்கில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

"பூட்டிட்டேன்னு சொன்னியே, ஜெலினா."

"சத்தியமா பூட்டினேன் ஆன்ட்டி. உங்க போனுக்கே அனுப்புறேன், நீங்களே பாருங்க."

லோஜிமா கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தொட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார்.

"இந்தப் பக்கம் உறுப்பினர்களுக்கு மட்டும்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார் (நான்தான்). லோஜிமா சிரிக்கவில்லை.

"என் நிலம், என் பூ. நாந்தான் உள்ள வரக் கூடாதா?"

மூன்று வருடமாக அவர் நிலத்தில் நடந்திருக்கிறோம், அவர் கொடுத்த அன்னாசியைத் தின்றிருக்கிறோம். அவரைச் சங்கத்தில் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெலினாவின் கண் கலங்கியது ஹெல்மெட்டுக்குள்ளேயே தெரிந்தது.

5.

முடிவு அ: கூட்டம் நெட்டித் தள்ளுகிறது, மொட்டு நசுங்குகிறது. எழுதி நானே அழுதேன். ஆனால் அப்படி நடக்கவில்லை.

முடிவு ஆ: எல்லோரும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போகிறார்கள். (யார் போனார்கள்? நான் போகவில்லை.)

நடந்தது இது. ஜெலினா அவர் போனை வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் லோஜிமாவை உறுப்பினர் ஆக்கினாள். அத்தோடு நிற்கவில்லை, நாட்காட்டியையே அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தாள். பூவின் பெயருக்குக் கீழே மூன்று கட்டங்கள்: எல்லோருக்கும், உறுப்பினர்களுக்கு மட்டும், யாருக்கும் இல்லை.

"இனிமே நாங்க இல்ல ஆன்ட்டி. நீங்கதான்."

லோஜிமா எங்களைப் பார்த்தார். மொட்டுகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தொட்டா உடனே மாறிடுமா?"

"உடனே."

அன்றைக்கு முதல் முறையாக அவர் சிரித்தார். கட்டைவிரல் உயர்ந்தது.

6.

எதைத் தொட்டார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான். உள்ளே போகத் துடித்தவன் கையில் முடிவைக் கொடுக்கக் கூடாது.

மூன்று கட்டங்களையும் காலியாக விட்டிருக்கிறேன். மொட்டுகள் இரண்டும் இன்னும் விரியவில்லை. இப்போது விரல் உங்களுடையது. தொடுவதற்கு முன் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: நீங்களும் அந்தத் தலைப்பைப் பார்த்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.