நிருதி லிங்கத்தருகே நிற்கும் புள்ளிகள்

...இல்லை, இவர்கள் களைத்துப்போய் நிற்கவில்லை, யாருக்காகவோ நிற்கிறார்கள் என்று ஓவியாவுக்குப் பட்டது, திரையில் கிரிவலப் பாதையின் நிருதி லிங்கத்தருகே நீலப் புள்ளிகள் கொத்தாக அடைத்துக்கொண்டிருந்தன, பின்னால் பௌர்ணமிக் கூட்டம் முழுக்கத் தேங்கியிருந்தது, கணினிக்குள்தான், நிஜப் பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் தடுப்புகளை எங்கே வைப்பது என்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்... ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள், தனக்கென்று ஒரு நடை, ஒரு அசதி, யாரும் மேலிருந்து ஆட்டுவிப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். நடப்பதையும், பாதியில் முடியாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவதையும் விதிகளாக எழுதியவன் இளவரசன். ஜோடியாக வருகிறவர்களை எழுதியது இவள். முன்னால் போனவர் பின்தங்கியவருக்காக நிற்பார், தேடிக்கொண்டு திரும்பி நடக்க மாட்டார், மலையை வலம் வருகிறவர் எதிர்த்திசையில் நடப்பாரா என்ன. "நீ எழுதுற ஜனங்க ரொம்ப நல்லவங்கப்பா" என்று அன்றைக்கு அவன் சிரித்தான்... எத்தனை அழகாகச் சிரித்தான், பாவி. "வீட்ல பேசிட்டு வரேன், கொஞ்சம் பொறுத்துக்க" என்று கீழ்பென்னாத்தூருக்குப் போனவன் பொய்யா சொன்னான்? பேசியிருப்பான், அவர்களும் பேசியிருப்பார்கள், ஆதிலட்சுமி என்று ஒரு பெண்ணைக் காட்டியிருப்பார்கள். வேலையை விடுவதை ஆபீசுக்குச் சொன்னான், கல்யாணத்தைப் பக்கத்து மேசைக் கவியாவுக்குச் சொன்னான், இவளுக்கு மட்டும்... கவியா போனில் பத்திரிகையைக் காட்டி, "உனக்கும் அனுப்பிருப்பாரே" என்றபோது ஆமாம் என்று தலையாட்டினாளே, எதற்காக ஆட்டினாள்?

மேலதிகாரி மூர்த்தி டீ கிளாசோடு பின்னால் வந்து நின்றார். "என்னம்மா, இவங்கல்லாம் ஏன் இங்கயே நிக்கிறாங்க?" ஒரு புள்ளியை அழுத்தி அதன் துணை எங்கே என்று தேடினாள், துணை திரையிலேயே இல்லை, அது எப்போதோ ஆட்டோ ஏறிக் கூட்டத்தைவிட்டே போயிருந்தது, அடுத்ததைப் பார்த்தாள், அதற்கும் அப்படித்தான். "அட, போறவங்க போறேன்னு சொல்லலயா? ஒரு வரி சேர்த்துடும்மா, அவ்ளோதான்." அவ்வளவுதான். அவன் போவதை எழுதினான், இவள் நிற்பதை எழுதினாள், நடுவில் ஒரு தகவல் போக வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை, ஒரே மேசையில் ஒரே பொட்டலத்து மிக்சரைத் தின்றுகொண்டு... சொல்வதற்கு என்ன கேடு, வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை, அழுதிருப்பாள், வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பாள், இத்தனை நாள் இப்படிப் போனைப் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டாள். கண் எரிந்தது. சார் பார்க்கிறாரே என்று குனிந்து அந்த வரியைச் சேர்த்தாள், போகிறவர் போகும்போது துணைக்குச் சொல்லிவிட வேண்டும், மறுபடி ஓடவிட்டாள்.

தகவல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, திரையோரத்தில் அதற்கான அடையாளம்கூட வந்தது, ஆனால் ஒரு புள்ளியும் நகரவில்லை. "சொல்லியாச்சில்லம்மா?" என்றார் மூர்த்தி. "சொல்லியாச்சு சார்." அப்புறம் ஏன்... தான் எழுதியதை மேலிருந்து படித்துப் பார்த்தாள், துணை வந்தால் சேர்ந்து நட என்று இருக்கிறது, வரும்வரை நில் என்று இருக்கிறது, இனி வரவே மாட்டார் என்று தெரிந்தபின் எப்படி நடப்பது என்று மட்டும் அவள் எழுதவேயில்லை. தனியாக நடப்பவர்களுக்கு வேறொரு விதி இருக்கிறதே, அதை எடுத்து இங்கே ஒட்டிவிடலாம், ஒரு நிமிட வேலை, விரல்கூட அங்கே போய்விட்டது... ஆனால் அவர்கள் வரும்போதே தனியாக வந்தவர்கள், இவர்கள் அப்படியா.