சாவி அவள் கைப்பையில்

1

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாவித்துவாரம் தேவைப்படாத ஒரு காரிலிருந்து. சாவி சட்டைப்பையில் கிடந்தாலே போதும். கைப்பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய அலையில் ‘யாரது?’ என்று கேட்கும், சாவி ரகசியக் குறியீட்டில் பதில் சொல்லும், கதவு திறக்கும். அந்தப் பதில் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். போன தடவை சொன்னதையே சொன்னால் கார் மதிக்காது.

(என் மனைவியும் அப்படித்தான். இந்த வரியை அடித்துவிட வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: “மழை தூறிய ஒரு காலையில் அவன்...” வேண்டாம். வெயில் கொளுத்துகிறது.

இரண்டாவது: ஓர் எழுத்தாளன், பல் மருத்துவரான மனைவியைக் கிளினிக்கில் விடப் போகிறான். வழியெல்லாம் சண்டை. அவளுடைய குறட்டையை ஒரு கதையில் எழுதிவிட்டான். அவளிடம் பல் பிடுங்க வந்தவர்கள்கூடப் படித்துவிட்டார்கள்.

“இனிமே என்னைப் பத்தி ஒரு வரி எழுதின, அவ்வளவுதான்!”

“சரி, மன்னிச்சிடு.”

“போன தடவையும் இதையேதான் சொன்ன.”

இறங்கிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறாள், கைப்பையோடு. சாவி அதற்குள்.

ஆனாலும் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சாவி விலகியதும் இன்ஜின் அணைந்தால் நடுரோட்டில் விபத்தாகிவிடும் அல்லவா? ஆகவே ‘சாவியைக் காணோம்’ என்று விளக்கைப் போட்டுக் கத்துவதோடு சரி. ஆனால் நாமாக அணைத்தால், சாவி வராமல் மறுபடி கிளம்பாது.

3

இந்த ஆளின் மேல் எனக்கே சந்தேகம். உள்ளே போய்க் கேட்டு வாங்கினால் என்ன? கிளினிக் காவலாளிக்கும் அதே கேள்வி.

“வண்டிய ஆஃப் பண்ணுங்க சார், புகை உள்ள வருது.”

“ஆஃப் பண்ணா திரும்பக் கிளம்பாதுண்ணே. சாவி டாக்டரம்மாகிட்ட.”

“போய் வாங்கிக்கங்களேன்.”

“சண்டை.”

“அப்படியா சங்கதி!” என்று அவர் உள்ளே போனார்.

(‘அவன்’ என்று எழுதி அலுத்துவிட்டது. அவர் பேசியது என்னோடுதான். இதை ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. பல் பிடுங்குகிறவளிடம் பழைய மன்னிப்போடு போக முடியுமா?)

4

முடிவு அ: பெட்ரோல் தீர்ந்துபோகிறது.

முடிவு ஆ: கதையை அழித்துவிட்டு நான்...

கதவு திறக்கிறது. விளக்கு அணைகிறது. சாவி வந்துவிட்டது.

“என்ன எழுதுற?”

இதுவரை சொல்லாத பதில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி: “நீயே படி. பிடிக்கலேன்னா அழிச்சிடு.” போனைக் கொடுக்கிறேன். முடிவு இனி என் கையில் இல்லை. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால்...

(இது அவள். குறட்டை விடுவது நானல்ல, இவர். மற்றபடி கதை இருக்கட்டும். சாவி என்னிடமே இருக்கும்.)