வளையத்துக்கு வெளியே

விளம்பரத் தாளின் முகப்பில் ‘கப்ரியேல் வளையம்’ என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எங்கே பூமி நடுங்கினாலும் இந்த அடுக்குமாடிக் கோபுரம் அசையாது என்று கீழே இரண்டு மொழிகளில் இருந்தது. அலுவலகத்தில் எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டதால் ஏவ்லினும் ஒன்றை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். எடுக்காவிட்டால்தான் கண்ணில் படும்.

வளையம் அவளுடையது.

சைகோனுக்கு அடியில் இருப்பது ஆற்றுச் சேறு. எங்கோ தொலைவில் நிலம் ஆடினாலும் நகரின் பூ மி ஹங் பகுதியிலுள்ள உயரமான வீடுகளில் தொங்குவிளக்குகள் ஊசலாடும், ஜனங்கள் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடுவார்கள். இதற்கு அவள் கண்ட வழி, கட்டடத்தைச் சுற்றி மண்ணுக்குள் தூண்களைப் புதைப்பது. ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஓர் இரும்புக் குண்டு, அதைச் சுற்றி ரப்பர், அதற்கு மேல் கான்கிரீட் உறை. மண் வழியாக அலை வரும்போது குண்டுகள் உள்ளுக்குள் ஆடி அதை மறித்து, வந்த பக்கமே திருப்பி அனுப்பும். சேற்றில் வரும் அலைக்கு ஏற்றபடி ரப்பரின் மென்மையைப் பிடிக்க அவளுக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. பிடித்த பிறகும் சரிதானா என்று பல நாள் தூக்கம் வரவில்லை.

காரைக்காலிலிருந்து அவளை இங்கே வேலைக்கு அழைத்து வந்தவர் கப்ரியேல். மாதா கோயில் தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்தவர். அவளுடைய அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு இரண்டே மாற்றங்கள் செய்தார். முகப்பில் இருந்த அவள் பெயரை எடுத்தார். பிறகு கடைசி அத்தியாயத்தை எடுத்தார்.

திருப்பி அனுப்பிய அலை காணாமல் போய்விடாது என்பதுதான் அந்த அத்தியாயம். வளையத்துக்கு வெளியே, அலை வருகிற பக்கத்தில், வருவதும் திரும்புவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சில இடங்களில் ஆட்டம் இரட்டிக்கும். அங்கே எதையும் வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தாள்.

“வெளிய ஆடுனா நமக்கென்ன பாப்பா? நாம விக்கிறது உள்ளாற இருக்குற வீட்டை,” என்றார் கப்ரியேல்.

“என் பேரு, அண்ணே?”

“ஒரு பேரா இருந்தாத்தான் வாங்குறவனுக்கு நம்பிக்கை வரும். ஒன்னை நான் விட்டுருவனா?”

அவர் விடவில்லை. அளவுக் கருவிகளைத் துடைத்து அடுக்கும் வேலையில் வைத்துக்கொண்டார். வெளியாட்கள் வந்தால், “நம்ம ஊருப் பொண்ணு, சும்மா ஒத்தாசைக்கு,” என்று அறிமுகம் செய்தார்.

ஏவ்லின் பொறுத்தாள். பொறுப்பது அவளுக்குக் கணக்குப் போடுவதைப் போன்ற வேலை; ஒவ்வொரு நாளும் விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வீடு வாங்குகிறவர்களைக் கூட்டிச் செயல்விளக்கம் காட்ட நாள் குறித்தார்கள். மண்ணை அதிர வைக்கும் எந்திரம் பொருத்திய லாரி ஒன்று வாடகைக்கு வந்து, தென்கிழக்கு வாசலருகே நின்றது. செயல்விளக்கத்தைத் தொடங்குமுன் மண்ணுக்குரிய தெய்வத்துக்குப் படையல் போட வேண்டும். மனை நிர்வாகி ஹன் அதற்கு இடம் கேட்டு ஏவ்லினிடம் வந்தாள். ஹன் அவளைத் தங்கை முறையில் ‘எம்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“திசை பாக்குறவர் தென்கிழக்குன்னு சொல்லிட்டார், எம். வளையத்துக்கு உள்ளே வைக்கட்டுமா, வெளியே வைக்கட்டுமா? ஊதுபத்திக் கிண்ணத்தை ஒருதடவை வைச்சா அப்புறம் நகர்த்தக் கூடாது.”

“கிண்ணம் தானா நகர்ந்தா?”

ஹன் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்படிப் பேசாதே. கிண்ணம் நகர்ந்த இடத்துல யாரும் குடியிருக்க மாட்டாங்க.”

உள்ளே என்று சொல்ல ஒரு சொல் போதும். “சாயங்காலம் காட்டுறேன்,” என்றாள் ஏவ்லின்.

ஆட்டம் எங்கே இரட்டிக்கும் என்று மறுபடி கணக்குப் போட்டாள். முதலில் வாசல் தூணருகே வந்தது. திரும்பப் போட்டால் வேலிப் பக்கத்து மரத்தடிக்குப் போனது. தப்பாகிவிட்டால் கப்ரியேலுக்கு இன்னொரு கைதட்டல், அவளுக்கு அதே துடைக்கிற துணி. மாலையில் எந்திரத்தைச் சோதனைக்காக ஓட்டினார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் அந்தப் பக்கம் முழுக்க மெதுவாக நடந்தாள். ஓரிடத்தில் உள்ளங்கால் மரத்துப்போனது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, மரத்துக்கும் வேலிக்கும் நடுவில், பல் கிடுகிடுத்தது. பாலும் ஐஸும் போட்ட காப்பி வாங்கிய கோப்பையின் மூடியை அந்த இடத்தில் மண்ணில் அழுத்தி வைத்தாள்.

“இங்கேதான்,” என்று ஹன்னிடம் காட்டினாள்.

காலையில் படையல் மேசை அங்கே வந்தது. உயரமான, ஒல்லிக் கால் மேசை. முழுதாகச் சுட்ட பன்றி, கோபுரமாக அடுக்கிய மாம்பழமும் பப்பாளியும், உச்சியில் தேங்காய், முன்னால் பீங்கான் கிண்ணத்தில் ஊதுபத்தி. கோபுரத்தைக் கட்டும் நிறுவனத்தின் முதலாளியம்மாள் வெள்ளைச் செருப்புடன் நின்று கும்பிட்டார். வளையத்துக்குள்ளே கப்ரியேல் ஒரு முக்காலியில் விளிம்பு தொட நீர் நிரப்பிய கண்ணாடிக் குவளையை வைத்திருந்தார்.

“ஒரு சொட்டு சிந்தாது,” என்றார் கூட்டத்திடம்.

எந்திரம் மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்தது. குவளையில் நீர் அசையவில்லை. கைதட்டினார்கள். ஏவ்லினும் தட்டினாள். அவள் ரப்பர், அவள் குண்டுகள். அப்போதுதான் மேசையின் கால்கள் தடதடத்தன. தேங்காய் முதலில் உருண்டது. பின்னால் மாம்பழங்கள். பன்றி தட்டோடு சறுக்கி மண்ணில் முகம் பதித்தது. கிண்ணம் நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு வந்து, முதலாளியம்மாளின் செருப்பருகே விழுந்து உடைந்தது. செருப்பின் வெள்ளைத் தோலெல்லாம் சாம்பல்.

பிறகு வீடு வாங்க வந்தவர்களின் பின்வரிசையில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பியது. அடுத்து இன்னொன்று.

கப்ரியேல் அவளிடம் வந்தார். யாருக்கும் புரியாது என்பதால் தமிழில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“தெரிஞ்சேதான் அங்க வெக்கச் சொன்னியா?”

“ஒங்களுக்கும் தெரியும்ல அண்ணே. கடைசி அத்தியாயம்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேசையை உள்ளாறத் தள்ளியிருப்பனே.”

“ஒரு அத்தியாயமே சொன்னேன்.”

முதலாளியம்மாள் ஹன் மூலம் ஒன்றே கேட்டார்: இந்த மண்ணுக்குள் இதைப் புதைத்தது யார்? கப்ரியேல் விளம்பரத் தாளைப் பார்த்தார், உடைந்த கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு ஏவ்லினைக் கை நீட்டிக் காட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார்.

“இது என் கண்டுபிடிப்பு இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை இந்தப் பெண் செய்தது. நான் கையெழுத்துதான் போட்டேன்.”

இத்தனை மாதம் அவள் காத்திருந்த வாக்கியம் அது. அதிலிருந்த ஒவ்வொரு சொல்லையும் அவள் நிதானமாகக் கேட்டாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணே,” என்றாள். “பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலை.”

அவர் நீட்டிய கையை இறக்கினார்.

ஏவ்லின் முதலாளியம்மாள் பக்கம் திரும்பினாள். “என்னுடையதுதான்,” என்றாள் வியத்நாமியத்தில். முக்காலியில் இருந்த குவளையைக் காட்டினாள். நீர் விளிம்பில் அப்படியே நின்றது. முதலாளியம்மாள் குவளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். எல்லாவற்றையும் தோண்டி எடுக்கச் சொன்னார்.

இதை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

கிரேன் வர மதியமாகிவிட்டது. கப்ரியேல் அதற்குள் போய்விட்டிருந்தார்; அவர் பொருள்களை அலுவலகப் பையன்கள் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் தூணைச் சங்கிலி கட்டி இழுத்தபோது சேறு அதை விடமாட்டேன் என்று உறிஞ்சிப் பிடித்தது. வெளியே வந்ததும் உள்ளே குண்டு மெல்ல ஆடிய சத்தம் அவளுக்குக் கேட்டது.

படையல் முடிந்தால் பழங்களைப் பகிர்ந்து தின்பது வழக்கம். கீழே விழுந்ததை அன்று ஒருவரும் தொடவில்லை. ஏவ்லின் ஒரு மாம்பழத்தை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். அடுத்த தூண் மேலே வருவதைப் பார்த்தபடி தோலைப் பல்லால் உரித்துத் தின்றாள். நல்ல பழம்தான்.