செயலாளரின் கவனக்குறைவு

பாதுகாப்பு அமைச்சகத்தின் செயலாளர் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு தாளையும் அவர் படிக்காமல் கையெழுத்திட்டதில்லை. அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் ‘காற்புள்ளி’ என்பார்கள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பிரதமர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். பிரதமர் ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து மேலே வந்தவர். ஒலிபெருக்கி இல்லாமலே ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். அன்று அந்தக் குரல் எழும்பவே இல்லை. மேசையில் செய்தித்தாள் விரிந்து கிடந்தது. எல்லையைத் தாண்டி நமது படை ஒரு மலைமுகட்டைப் பிடித்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு வீரர்கள் செத்ததை உள்பக்கத்தில், ஒரு மூலையில் போட்டிருந்தார்கள்.

“எனக்கு இது எப்படித் தெரிஞ்சது தெரியுமா? சவரம் பண்ணிக்கிட்டே பேப்பரைப் பார்த்தேன். பால்காரனுக்கும் எனக்கும் ஒரே நேரத்துலதான் தெரிஞ்சிருக்கு.”

“தளபதிகிட்ட பேசினீங்களா ஐயா?”

“பேசினேன். ‘உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சோம்’ங்கிறார். போன வருஷமும் இதையேதான் சொன்னார்.” பிரதமர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அவரை வீட்டுக்கு அனுப்பச் சட்டத்துல இடம் இருக்கா?”

“இருக்கு ஐயா. தளபதியை நியமிக்கிறதும் விலக்குறதும் அமைச்சரவையோட உரிமை.”

“அப்ப எழுதுங்க.”

செயலாளர் அந்த உத்தரவை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே தட்டச்சு செய்தார். மொத்தம் பதினோரு வரி. மாலைக்குள் பதினான்கு அமைச்சர்களில் பதிமூன்று பேர் கையெழுத்திட்டார்கள். உள்துறை அமைச்சருக்கு மட்டும் திடீரென்று பல்வலி வந்துவிட்டது. கையெழுத்துப் போட எதற்குப் பல் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் செயலாளர் உத்தரவை எடுத்துக்கொண்டு படைத் தலைமையகத்துக்குப் போனார். காத்திருப்போர் அறையில் உட்காரவைத்தார்கள். தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. சுவரில் இருந்த வரைபடத்தை அவர் உள்ளே வருவதற்கு முன்பே திரைபோட்டு மூடியிருந்தார்கள். ஒரு சிப்பாய் தேநீர் கொண்டுவந்து வைத்தான். பத்து மணிக்கு இன்னொரு தேநீர் வந்தது. பதினொரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அவருடைய மாப்பிள்ளை.

மாப்பிள்ளை மேஜர். தளபதியின் நேரடி அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் மாமனாருக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்காராதவர். அன்றும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

“மாமா, சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன் மாப்பிள்ளை. தளபதி இருக்காரா?”

“இருக்கார்.” மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “அந்த உறையில என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும். நேத்தே தெரியும். நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க மாமா.”

“இதை அவர் கையில கொடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்து வாங்கணும். அவ்வளவுதான் என் வேலை.”

“வாங்க மாட்டார்.”

“வாங்கலேன்னா வாங்கலேன்னு எழுதிக்கிட்டுப் போறேன்.”

“உங்களுக்கு நிலைமை புரியலை மாமா. வானொலி நிலையத்து வாசல்ல ரெண்டு டாங்கி நிக்குது. பயிற்சின்னு சொல்லி நிறுத்தியிருக்கோம்.”

‘நிறுத்தியிருக்கோம்’ என்ற அந்த வார்த்தைதான் செயலாளரைச் சுட்டது.

“நீங்களும் அதுல இருக்கீங்களா மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் மேஜர், மாமா. சொன்னதைச் செய்யறவன். உங்க பொண்ணு நேத்துலேர்ந்து அழுதுக்கிட்டே இருக்கா. நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க?”

இருவரும் ஒரே வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்கள் போல அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டரைக்கு ஒரு சிப்பாய் வந்து, செயலாளருக்குத் தொலைபேசி என்றான். பிரதமர் பேசினார்.

“கொடுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்லை ஐயா.”

அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு கேட்டது. “நல்லதாப் போச்சு. திரும்பி வந்துடுங்க.”

பிரதமர் அறையின் சோபாவில் ஒரு பிரிகேடியர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒன்பது அமைச்சர்கள் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்று பிரதமரே சொன்னார். பிறகு செயலாளரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தக்கூடாது என்று பிரிகேடியர் சொல்லியிருந்ததால், கதவு பாதி திறந்தே இருந்தது.

“ஒரு வழி சொல்றாங்க. அந்த உத்தரவு அமைச்சரவைக்கு வரவே இல்லை, அமைச்சகத்துல தவறுதலாத் தயாராயிடுச்சுன்னு ஒரு கடிதம் வேணுமாம். அதோட தளபதிக்கு இன்னும் மூணு வருஷம் நீட்டிப்பு.”

“கடிதத்துல யாரோட தவறுன்னு எழுதறது ஐயா?”

பிரதமர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் எழுதலேன்னா?”

“சாயந்திரத்துக்குள்ள டாங்கி இங்க வந்துடும். வாசல்ல நிக்கிற காவல்காரங்க நாலு பேரும் சின்னப் பசங்க, விட மாட்டானுங்க, செத்துப்போவானுங்க. தேர்தல் வரட்டும். ஜனங்ககிட்டப் போய் நடந்ததைச் சொல்றேன். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்போம்.”

செயலாளர் பாதி திறந்த கதவருகே நின்று பிரதமரைப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு தாளை வாங்கி, ‘என் கவனக்குறைவால், அமைச்சரவையின் ஒப்புதல் இன்றி’ என்று தொடங்கி எழுதினார். பிரிகேடியர் வாங்கிப் பார்த்தார்.

“கவனக்குறைவு. ஒரே வார்த்தையா, பிரிச்சு எழுதணுமா?”

“ஒரே வார்த்தைதான்” என்றார் செயலாளர்.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே காத்திருந்தாள். “நல்லவேளை விட்டுக்கொடுத்தீங்கப்பா. இல்லேன்னா உங்களைக் கைது பண்ண அவரைத்தான் அனுப்பியிருப்பாங்க” என்று அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

முப்பத்தெட்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு வானொலியில் தளபதி பேசினார். செயலாளரின் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். ஓர் அதிகாரியின் கவனக்குறைவால் நாட்டின் படைத்தளபதியே பதவி இழக்கக்கூடிய அளவுக்கு இந்த நிர்வாகம் சீர்கெட்டுவிட்டது, ஆகவே நாடாளுமன்றம் கலைக்கப்படுகிறது என்றார். அமைச்சகத்தில் எல்லோரும் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்று கேட்டார்கள். செயலாளரின் பெயர் வந்தபோது ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. பிரதமரின் வாசலில் இருந்த நான்கு காவல்காரர்களில் இரண்டு பேர் அன்று காலையிலேயே செத்துப்போனார்கள். பிரதமரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

செயலாளர் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ஏற்க மறுத்தார்கள். தவறை ஒப்புக்கொண்ட நேர்மையான அதிகாரி என்று பதில் வந்தது. அடுத்த மாதம் மாப்பிள்ளை லெப்டினன்ட் கர்னல் ஆனார். அதற்குப் பிறகு மாமனார் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் இருவரும் வெயிலைப் பற்றியும் குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் மட்டும் பேசினார்கள்.

மூன்றாவது மாதத்தில் ஒருநாள் பிற்பகல், பிரதமரின் மனைவி கையில் ஒரு மனுவோடு அவர் அறைக்கு வந்தார். புருஷனுக்குச் சர்க்கரை வியாதி, ஊசி மருந்து கொடுத்தனுப்ப அனுமதி வேண்டும். இது மூன்றாவது மனு. செயலாளர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அந்த அம்மா உட்காரவில்லை.

“நீங்கதான அந்தக் கடிதம் எழுதினது?”

“ஆமாம்மா.”

“அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? ‘அந்த மனுஷன் எழுத மாட்டேன்னு சொல்லுவார்னு நினைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் முடியாதுன்னு சொல்லியிருப்பேன்’னார்.”

பிரதமராவது ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான் அன்று அந்தப் பாதிக் கதவருகே செயலாளரும் நின்றிருந்தார். அதை இந்த அம்மாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

“உங்களைக் குத்தம் சொல்ல வரலை” என்றார் அந்த அம்மா. “மருந்து தீர்ந்து பத்து நாள் இருக்கும்.”

செயலாளர் மனுவைப் படித்து, ‘அவசரம், பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, கடைநிலை ஊழியரிடம் கொடுத்து மாடிக்கு அனுப்பினார். மாடியில் இப்போது ஒரு கேப்டன் உட்கார்ந்திருந்தார். ஊழியர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, மனுவைக் கோப்புத் தட்டில் போடச் சொன்னார்கள், பழைய ரெண்டும் அங்கேயேதான் கிடக்கு என்றார்.

அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே நடைவழியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு அறைகளைப் பூட்ட ஆரம்பித்தபோதும் அங்கேயே இருந்தார். செயலாளர் வெளியே வந்தார். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து, இருவரும் எழுந்து போகும்படி காவலுக்கு நின்ற சிப்பாய் சொன்னான்.